சூப்பர்மேனுக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்?

2011 ஏப்ரல் கடைசியில் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' தொடரின் 900-வது இதழ் வெளியானது. 1938-ல் சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய அதே தொடர் என்பதால் அது ஒரு சிறப்பிதழ். உள்ளே பல கதைகள் இருந்தன. அவற்றில் டேவிட் கோயர் எழுதிய ஒரு சின்னக் கதைதான் காமிக்ஸ் கடைகளைத் தாண்டிச் செய்தி அறைகள் வரை போனது. அந்தக் கதையில் சூப்பர்மேன் டெஹ்ரானுக்குப் பறந்து போகிறார். அரசை எதிர்த்துத் திரண்ட மக்களோடு 24 மணி நேரம் பேசாமல் நிற்கிறார். யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. ஆனாலும் ஈரான் அரசு அதை அமெரிக்க அதிபரின் வேலையாகவே பார்க்கிறது, போர்ச் செயல் என்கிறது. அப்புறம் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகரிடம் சூப்பர்மேன் தன் முடிவைச் சொல்கிறார். நாளை ஐ.நா. சபைக்குப் போய் அமெரிக்கக் குடியுரிமையைத் துறக்கப் போகிறேன், என் செயல்கள் எல்லாம் அமெரிக்கக் கொள்கையின் கருவியாகப் பார்க்கப்படுவதில் களைத்துவிட்டேன், 'உண்மை, நீதி, அமெரிக்க வழி' என்பது இனிப் போதாது என்கிறார்.

அமெரிக்காவில் கோபம் கிளம்பியது. தன் நாட்டின் மீதே நம்பிக்கை இழக்கச் சொல்லித் தருகிறார்கள் என்று பழமைவாத அரசியல்வாதிகள் பேசினார்கள். சூப்பர்மேன் இதழ்களை வெளியிடும் டிசி நிறுவனத்தின் பதிப்பாளர்கள் உடனே ஒரு விளக்கம் கொடுத்தார்கள். சூப்பர்மேன் தன்னை வளர்த்த நாட்டுக்கும், கான்சஸ் பண்ணையில் வளர்ந்த தன் வேர்களுக்கும் என்றும் விசுவாசமானவர் என்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டிசி தன் எல்லா இதழ்களையும் முதல் எண்ணிலிருந்து புதிதாகத் தொடங்கியது. குடியுரிமைத் துறப்பு அதோடு மறைந்துபோனது. ஐ.நா.வில் அவர் என்ன பேசினார் என்பதை யாரும் எழுதவே இல்லை.

காமிக்ஸ் நாயகன் ஒரு நாட்டுக்குச் சொந்தமா, உலகத்துக்குப் பொதுவா என்ற கேள்வி இந்தச் சம்பவத்தில் பிறந்தது இல்லை. நாயகன் உலகப் பொதுவாக இருப்பதே உயர்ந்தது, நாட்டுக் கொடியைச் சுமப்பது குறுகியது என்று நம்மில் பலர் யோசிக்காமலே ஏற்றுக்கொள்கிறோம். கதைகளின் வரலாற்றைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் ஓஹையோ மாநிலத்தின் க்ளீவ்லாந்து நகரத்து இளைஞர்கள். இருவருமே ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். ஷஸ்டர் பிறந்தது கனடாவின் டொரன்டோவில். கிளார்க் கென்ட் என்ற சாதாரண மனிதராகச் சூப்பர்மேன் வேலை பார்த்த பத்திரிகைக்கு ஆரம்பத்தில் 'டெய்லி ஸ்டார்' என்று பெயர். ஷஸ்டர் சிறுவயதில் பார்த்த 'டொரன்டோ ஸ்டார்' நாளிதழின் நினைவு அது. 1995-ல் கனடா அஞ்சல் துறை சூப்பர்மேனுக்கு ஒரு தபால்தலை வெளியிட்டதற்கும் இந்த உறவுதான் காரணம்.

அந்த முதல் கதைகளை இன்று எடுத்துப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். கொடி இல்லை, தேசபக்தி வசனம் இல்லை, வேற்றுக்கிரகப் படையெடுப்பும் இல்லை. முதல் இதழில் தவறாக மின்சார நாற்காலிக்கு அனுப்பப்பட இருந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறார். மனைவியை அடிக்கும் ஒருவனைப் பிடித்துச் சுவரில் எறிகிறார். வாஷிங்டனில் ஒரு செனட்டரை விலைக்கு வாங்கும் தரகனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அடுத்த இதழில் ஓர் ஆயுத வியாபாரியை, அவனே தூண்டிவிட்ட போரில் சாதாரணச் சிப்பாயாகச் சேர வைக்கிறார். மூன்றாவது இதழில், பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளியையும் அவனுடைய பணக்கார விருந்தினர்களையும் அதே சுரங்கத்துக்குள் மாட்ட வைக்கிறார். இன்னொரு கதையில், அரசு புது வீடுகள் கட்டித் தரவேண்டிய நிலை வரட்டும் என்று ஒரு சேரிப்பகுதியையே இடித்துத் தள்ளுகிறார். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்து க்ளீவ்லாந்தில் வறுமையைப் பார்த்து வளர்ந்த இருவர் எழுதிய கதைகள் இவை. இந்தச் சூப்பர்மேன் எந்த நாட்டுக்காரர் என்று அன்று யாருக்கும் கேட்கத் தோன்றியிருக்காது. அவர் யார் பக்கம் நின்றார் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

1940 பிப்ரவரியில் 'லுக்' பத்திரிகைக்காக இந்த இருவரும் இரண்டு பக்கக் கதை ஒன்றைச் செய்தார்கள். போரை சூப்பர்மேன் எப்படி முடித்து வைப்பார் என்பதுதான் அதன் பொருள். அவர் ஹிட்லரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறார், மாஸ்கோ போய் ஸ்டாலினையும் தூக்குகிறார், இருவரையும் ஐ.நா.வுக்கு முன்பு ஜெனீவாவில் இருந்த உலக அமைப்பான சர்வதேச சங்கத்தின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறார். வாஷிங்டனுக்கு அல்ல, ஜெனீவாவுக்கு. அமெரிக்கா அப்போது போரில் இறங்கவே இல்லை. சர்வதேச சங்கமோ அதற்குள் செயலிழந்து கிடந்தது. உண்மையான உலகம் கைவிட்ட ஒரு நீதிமன்றத்தை இரண்டு பக்கக் கதையில் திரும்ப நிற்க வைத்தார்கள் அந்த இரு இளைஞர்களும். நாஜிகளின் எஸ்.எஸ். படை நடத்திய வாரப் பத்திரிகை சில வாரங்களில் சீகலை யூதர் என்று சொல்லி வசைபாடிக் கட்டுரை வெளியிட்டது. எங்கே வலித்தது என்பது அதிலிருந்தே தெரிகிறது.

அப்படியானால் 'அமெரிக்க வழி' எங்கிருந்து வந்தது? அது காமிக்ஸில் பிறந்ததே இல்லை. சூப்பர்மேன் வானொலித் தொடரில், அமெரிக்கா போருக்குள் போன பிறகு, 1942-ல் முன்னுரையில் சேர்க்கப்பட்ட சொற்கள் அவை. போர் முடியும் கட்டத்தில் அவை விடுபட்டன. 1952-ல் தொலைக்காட்சித் தொடர் வந்தபோது திரும்பச் சேர்ந்தன. அப்போது நடந்துகொண்டிருந்தது கொரியப் போர், கூடவே கம்யூனிச பயம். இடையில் வந்த ஒரு கார்ட்டூன் தொடர் 'சுதந்திரம்' என்று மாற்றிச் சொன்னது. 2021 அக்டோபரில் டிசி நிறுவனம் அதை 'உண்மை, நீதி, மேலான நாளை' என்று மாற்றியது. ஒரு நாட்டுக்கு எதிரி தேவைப்பட்ட காலங்களில் அந்தச் சொற்கள் வந்தன, மற்ற காலங்களில் போயின. சூப்பர்மேனின் பிறவி அடையாளமாகப் பலர் நினைக்கும் அந்த வரி போர்க்காலச் சரக்கு.

ஆனாலும் 'அமெரிக்க வழி' என்ற அந்தச் சொற்களுக்குள்ளேயே சண்டை போட முடிந்தது. 1946-ல் அதே வானொலித் தொடர் கூ க்ளக்ஸ் க்ளான் போன்ற ஒரு வெள்ளை வெறிக்கும்பலை எதிர்த்து 16 பகுதிகள் கொண்ட கதையை ஒலிபரப்பியது. அதில் குறிவைக்கப்படுவது சூப்பர்மேன் வாழும் கற்பனை நகரமான மெட்ரோபோலிஸுக்குக் குடிவந்த ஒரு சீனக் குடும்பம். நிறமும் மதமும் பார்த்து விரட்டுவது அமெரிக்கத்தனம் இல்லை என்று லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு வீட்டு வானொலி சொன்னது. உலக மனிதன் ஒருவன் வெளியே நின்று இதைச் சொல்லியிருந்தால் அதில் பாதி வலு இருந்திருக்காது. வீட்டுக்குள் இருப்பவன் சொன்னதால்தான் அது உறைத்தது.

இங்கேதான் கேப்டன் அமெரிக்காவின் கதை முக்கியமாகிறது. அவரைப் பார்த்தால் கேள்விக்கே இடமில்லை என்று தோன்றும். உடம்பு முழுக்கக் கொடி, கையில் கேடயம், பெயரிலேயே நாடு. முதல் இதழின் அட்டையில் ஹிட்லரின் தாடையில் குத்துகிறார். அந்த இதழ் கடைக்கு வந்தது 1940 டிசம்பரில். அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இன்னும் ஏறக்குறைய ஓராண்டு இருந்தது. அமெரிக்க அரசு போரிலிருந்து ஒதுங்கி நின்றது, ஒதுங்கியே இருக்க வேண்டும் என்று பெரிய இயக்கங்கள் நடந்துகொண்டிருந்தன. ஜோ சைமன், ஜாக் கிர்பி என்ற இரண்டு யூத இளைஞர்கள் அந்த அட்டையின் மூலம் ஹிட்லரிடமிருந்து ஒதுங்கி நிற்காதே என்று தங்கள் நாட்டிடம் கேட்டார்கள். கொலை மிரட்டல்கள் வந்தன. அலுவலகத்துக்குப் போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. நியூயார்க் மேயர் லகார்டியா தொலைபேசியில் அழைத்துத் தைரியம் சொன்னதாக சைமன் பின்னாளில் எழுதியிருக்கிறார். தேசபக்திப் பிரசாரம் என்று நாம் சுலபமாக ஒதுக்கிவிடும் அந்தப் படம், வரையப்பட்ட நாளில் அரசின் கொள்கையோடு ஒத்துப்போகாத படம்.

அரசோடு முழுக்க ஒத்துப்போன கேப்டன் அமெரிக்காவும் ஒருமுறை வந்தார். 1954-ல் 'கம்யூனிஸ்டுகளை நொறுக்குபவர்' என்ற பட்டத்தோடு அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மூன்றே இதழ்களில் நின்றுபோனது. பத்தாண்டு கழித்து அவருடைய பதிப்பகமான மார்வெல் அவரை மீட்டபோது, 1945-லிருந்தே பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தார் என்று கதை கட்டியது. அப்படியானால் 1954-ல் வந்தவர் யார்? 1972-ல் அந்தத் தொடரின் கதாசிரியர் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் அதற்கு ஒரு பதில் எழுதினார். அவர் ஒரு போலி. கேப்டன் அமெரிக்கா மீது வெறிகொண்டு, முகத்தை அவரைப் போலவே மாற்றிக்கொண்டு, கடைசியில் மனம் பிறழ்ந்து, கண்ணில் படுகிறவர்களையெல்லாம் தேசத்துரோகி என்று அடித்த ஒருவன். ஒரு தொடர் தன் சொந்தப் பழைய இதழ்களையே இவ்வளவு தைரியமாக மறுத்த இன்னொரு தருணம் எனக்குத் தெரியாது.

அதே எங்கிள்ஹார்ட் 1974-ல் இன்னும் தூரம் போனார். வாட்டர்கேட் ஊழல் அமெரிக்காவைக் குலுக்கிக்கொண்டிருந்தது. கதையில் கேப்டன் ஒரு ரகசிய சதிக்கும்பலின் தலைவனைத் துரத்திக்கொண்டு வெள்ளை மாளிகைக்குள்ளேயே போய்ச் சேர்கிறார். முகமூடியைக் கழற்றுகிறார். முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை, ஆனால் நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருப்பவர் என்று புரிந்துவிடுகிறது. அப்போதைய அதிபர் நிக்சனைத்தான் மனதில் வைத்திருந்தேன் என்று எங்கிள்ஹார்ட் பிறகு சொன்னார். அந்த இதழின் அட்டையில் இருந்த தேதி 1974 ஜூலை. ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார். கதையில் கேப்டன் உடைந்துபோய் உடையைக் கழற்றிவிடுகிறார். நாடற்றவன் என்ற நினைப்போடு 'நோமட்' என்ற புதுப் பெயரில் சில மாதங்கள் அலைகிறார். பிறகு திரும்ப வருகிறார், அரசுக்காக அல்ல, அந்த நாடு தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட வாக்குறுதிகளுக்காக. 1987-ல் ஓர் அரசுக் குழு, இந்த உடையும் கேடயமும் எங்கள் சொத்து, நீ எங்கள் உத்தரவுப்படி நடக்க வேண்டும் என்கிறது. அவர் இரண்டையும் மேசை மேல் வைத்துவிட்டு வெளியேறுகிறார்.

2011-ல் சூப்பர்மேன் குடியுரிமையைத் துறந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேப்டனின் விலகல் பல மாதங்கள் வலித்தது, அந்தத் தொடரை நிரந்தரமாக மாற்றியது. சூப்பர்மேனின் விலகல் சில நாள் பரபரப்போடு காணாமல் போனது. நிறுவனம் பின்வாங்கியது ஒரு காரணம்தான். ஆனால் அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. சொந்த நாடு என்று ஒன்று இருப்பவனால்தான் அதைப் பார்த்து வெட்கப்பட முடியும், கோபப்பட முடியும், கணக்குக் கேட்க முடியும். உலகக் குடிமகன் என்று அறிவித்துவிட்டு மேலே பறப்பவனுக்கு அந்த உரிமையும் இல்லை, அந்தக் கடனும் இல்லை. என் நிலைப்பாடு இதுதான்: நாயகன் ஒரு நாட்டைச் சேர்ந்தவனாகவே இருக்கட்டும், ஆனால் அந்த நாட்டின் அரசுக்குச் சொந்தமானவனாக இருக்கக் கூடாது.

இதற்கு மிகக் கடுமையான சோதனையாக 2003-ல் ஒரு தொடர் வந்தது. ராபர்ட் மொரேல்ஸ் எழுத, கைல் பேக்கர் வரைந்தது. கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய அந்த மருந்தைத் திரும்பத் தயாரிக்க, ராணுவம் கறுப்பினச் சிப்பாய்களின் உடம்பில் அதைச் செலுத்திப் பார்த்தது என்பது கதை. பெரும்பாலோர் செத்துப்போகிறார்கள். எஞ்சிய ஐசாயா பிராட்லி போரில் சாதித்துவிட்டுத் திரும்புகிறார், கேப்டனின் உடையை எடுத்துப் போட்டுக்கொண்ட குற்றத்துக்காகச் சிறையில் அடைக்கப்படுகிறார். பின்னால் இருப்பது நிஜ வரலாறு. அமெரிக்காவின் டஸ்கீகீ என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, சிபிலிஸ் நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தது. கொடி போர்த்திய நாயகன் என்ற கருத்து இல்லாமல் ஐசாயாவின் கதையை எழுதியிருக்கவே முடியாது. அந்தக் கொடிக்குள் யார் யார் வரலாம் என்பதே அதன் கேள்வி.

சரி, உலகப் பொது நாயகன் என்ற கனவில் என்ன தவறு? முதலில், உலகம் என்பது யார்? 2016 அக்டோபரில் ஐ.நா. சபை, பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் அதிகாரம் அளிக்கும் பிரசாரத்துக்காக வொண்டர் வுமனை கௌரவத் தூதராக அறிவித்தது. கதைப்படி அவர் எந்த நவீன நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு தீவின் இளவரசி. இதைவிடப் பொதுவான நாயகி கிடைக்காது என்று நினைத்திருப்பார்கள். விழா நடந்த இடத்திலேயே ஐ.நா. ஊழியர்கள் சிலர் முதுகைத் திருப்பி நின்றார்கள். ஒரு மனுவில் சுமார் 45,000 பேர் கையெழுத்திட்டார்கள். வெள்ளைக்காரப் பெண், இயல்பில் சாத்தியமில்லாத உடல்வாகு, அரைகுறை ஆடை, அதிலும் அமெரிக்கக் கொடியின் சாயல், இவரா உலகப் பெண்களின் முகம் என்று அது கேட்டது. இரண்டு மாதத்துக்குள் அந்தப் பொறுப்பு முடிந்துபோனது. ஓர் இடத்தின் அடையாளத்தை அழித்துவிட்டால் பொதுமை வந்துவிடும் என்பது நடக்காத காரியம். பழைய இடம் உடையில், நிறத்தில், பேச்சில் ஒட்டிக்கொண்டே இருக்கும். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டாலும் சூப்பர்மேன் ஆங்கிலம் பேசுபவர்தான், மெட்ரோபோலிஸில் சம்பளம் வாங்குபவர்தான். டெஹ்ரானில் யார் அதை நம்பியிருப்பார்கள்?

இன்னொன்று, உலகம் என்று சொல்லப்படும் இடத்தில் பல சமயம் நிற்பது சந்தை. கேப்டன் அமெரிக்காவின் 2011 திரைப்படம் ரஷ்யா, உக்ரைன், தென்கொரியா ஆகிய நாடுகளில் 'முதல் அவெஞ்சர்' என்று மட்டும் பெயர் சூடி வெளியானது. அமெரிக்கா என்ற சொல் அங்கே உறுத்தும் என்ற கணக்கு இதன் பின்னால் இருந்ததாகப் பேசப்பட்டது. பெயரை நீக்கியதால் கதையில் ஒரு காட்சிகூட மாறவில்லை.

பெரிய நாடுகளின் நிலை இது என்றால், சின்ன நாடுகளுக்கும் ஒரு காலத்தில் அடிமைப்பட்டிருந்த நாடுகளுக்கும் தேசிய நாயகன் என்பதன் பொருளே வேறு. 1940 டிசம்பரில் கனடா அந்நியச் செலாவணியைச் சேமிக்க அமெரிக்கக் காமிக்ஸ் இறக்குமதியைத் தடைசெய்தது. அந்த இடைவெளியில் நெல்வானா, ஜானி கனக் போன்ற சொந்த நாயகர்கள் பிறந்தார்கள். போர் முடிந்து அமெரிக்க இதழ்கள் திரும்ப வந்ததும் அவர்கள் அப்படியே மறைந்தார்கள். குவைத்தில் நைஃப் அல்-முத்தவ்வா 2006-ல் தொடங்கிய 'தி 99' வேறொரு முயற்சி. 99 நாடுகளிலிருந்து வரும் நாயகர்கள், இஸ்லாமியப் பண்பாட்டிலிருந்து எடுத்த குணங்கள், ஆனால் எல்லா மதக் குழந்தைகளுக்குமான கதை. சவூதியில் மத அறிஞர்கள் எதிர்த்தார்கள். அமெரிக்காவில் இது மதப் பிரசாரம் என்று எதிர்த்தார்கள். 'உலகப் பொது' என்ற அந்தஸ்து நியூயார்க்கில் பிறந்த நாயகனுக்குத் தானாகக் கிடைக்கிறது, குவைத்தில் பிறந்தவனிடம் மட்டும் சான்றிதழ் கேட்கப்படுகிறது. எனக்கு இது கோபமூட்டுகிறது.

நம் காமிக்ஸ் வாசகர்களுக்கு இதில் ஒரு நீண்ட அனுபவம் உண்டு. 1970-களில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி ஒரு பிரிட்டிஷ் நாயகன். லயன் காமிக்ஸில் இன்றும் கொண்டாடப்படும் டெக்ஸ் வில்லர், இத்தாலியர்கள் 1948-ல் உருவாக்கிய டெக்சாஸ் ரேஞ்சர். லக்கி லூக் பெல்ஜியத்தில் பிறந்த கௌபாய். இவர்களைத் தமிழில் படித்த பிள்ளைகள் யாரும் அந்த நாயகன் எந்த நாட்டின் பிரதிநிதி என்று கவலைப்படவில்லை. அவர்களின் நாடு தெரிந்தும், தெரியாமலும் அவர்களைத் தங்கள் ஆட்களாக்கிக்கொண்டார்கள். ஒரு நாயகன் உலகத்துக்குப் பொதுவாவது இப்படித்தான், வாசகர்கள் கையில். டெக்ஸின் டெக்சாஸ் மண்ணைத் துடைத்துவிட்டிருந்தால் அவர் சிவகாசிக்கு வந்திருக்கவே மாட்டார்.

ஆனால் அதே வாசிப்பு எதையெல்லாம் கவனிக்காமல் விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்குப் பிடித்த முகமூடி வேதாளர் 1936-ல் அமெரிக்காவில் தொடங்கிய கதை. தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் காட்டில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருக்கிறது, சுற்றியுள்ள மக்கள் அவரை மரணமில்லாதவர் என்று நம்பிக் கீழ்ப்படிகிறார்கள். இந்தியப் பதிப்பான இந்திரஜால் காமிக்ஸ், வங்காளத்தை நினைவூட்டக் கூடாது என்று அந்தக் காடு இருக்கும் கற்பனை நாட்டின் பெயரை 'டெங்காலி' என மாற்றியது. பெயர் மாறியது, சிம்மாசனம் மாறவில்லை. அந்தக் காட்டு மக்களிடமிருந்தே ஒரு நாயகன் வந்திருந்தால் கதை எப்படி இருந்திருக்கும் என்று சிறுவயதில் நாம் கேட்டிருக்க முடியாது. இப்போது கேட்கலாம். அப்படி ஒருவன் வந்தால் அவன் முதலில் தன் மண்ணின் நாயகனாகத்தான் வருவான். அவனைப் பார்த்து நீ ஏன் உலகப் பொதுவாக இல்லை என்று யாரும் குறைசொல்ல முடியாது.

2025 ஜூலையில் வந்த சூப்பர்மேன் படத்தில் இந்த விவாதம் திரும்ப வருகிறது. பொராவியா என்ற கற்பனை நாடு அமெரிக்காவின் நட்பு நாடு. அது ஏழை அண்டை நாடான ஜர்ஹன்பூர் மீது படையெடுக்கும்போது சூப்பர்மேன் யாரையும் கேட்காமல் போய்த் தடுத்துவிடுகிறார். லோயிஸ் லேன் பத்திரிகையாளராக அவரைப் பேட்டி காண்கிறாள். அமெரிக்காவின் பிரதிநிதியாகத்தானே அங்கே போனீர்கள் என்று விடாமல் கேட்கிறாள். நான் என்னைத் தவிர யாருக்கும் பிரதிநிதி இல்லை, மக்கள் சாக இருந்தார்கள் என்று அவர் கத்துகிறார். 1938-ன் சூப்பர்மேன் பேசுவது போலவே இருக்கிறது, கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் லோயிஸின் கேள்விதான் எனக்குக் கனமாகத் தெரிகிறது. யாருக்கும் பிரதிநிதி இல்லாதவன் யாருக்கும் பதில் சொல்லவும் வேண்டியதில்லை. இந்த முறை அவர் சரியான பக்கம் நின்றார். தவறான பக்கம் நின்றிருந்தால் அவரை எந்தப் படை தடுக்கும்? அவரை உட்கார வைத்து, முகத்துக்கு நேரே கேள்வி கேட்டு, கோபப்பட வைக்க முடிந்தது அவருடைய ஊரில் வாழும், அவரோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணால்தான்.